மேடையேறப் போகும் அந்தப் பெண்ணைப் பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இது. செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாளன்று உங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ஒரு நிகழ்ச்சி. இரண்டாம் ஆண்டில் உயிரை விட முயன்று, பிழைத்து, படிப்பை முடித்து, இப்போது வேலையில் இருக்கும் முன்னாள் மாணவி ஒருவர் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். "கேட்கும் மாணவர்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது, என்ன முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்?" என்று பத்து வரி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் "அந்தப் பெண்ணும் தாங்க வேண்டுமே" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கீழே உட்கார்ந்து கேட்கிற முந்நூறு பேரைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். மேலே நின்று பேசுகிற ஒருவரைப் பற்றி யோசிக்கத்தான் ஆள் குறைவு. அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி அவருக்கு.

நான் உளவியல் ஆலோசகர். பதினைந்து வருடமாகத் தற்கொலைத் தடுப்புப் பணிக்கு வரும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களில் பலர் தாங்களே இந்தத் துயரத்தைக் கடந்து வந்தவர்கள். மனநல மருத்துவர் அல்ல. நோய், மாத்திரை பற்றி நான் பேச மாட்டேன். வழக்கறிஞரும் அல்ல. சட்டம் பற்றிக் கீழே எழுதியிருப்பதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், அவரை அழைத்தது சரியா? சரிதான். இவர்களிடம் இருப்பதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: பட்டறிவு. பட்டுத் தெரிந்துகொண்டது. விடுதி அறையில் இரவு இரண்டு மணிக்கு மனது எப்படி ஓடும், அப்போது யார் என்ன சொன்னால் காதில் விழும், எது விழாது என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரியும். அவருக்கு நேராகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் ரோசஸ் இன் தி ஓஷன் என்ற அமைப்பு முழுக்க முழுக்க இப்படிப்பட்டவர்களைக் கொண்டே இயங்குகிறது. தற்கொலை எண்ணத்தோடு போராடியவர்கள், முயன்று பிழைத்தவர்கள், அப்படி ஒருவரை நெருக்கடியில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்கள், ஒருவரை இழந்தவர்கள் என்று நான்கு தரப்பையும் அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2014இல், முயன்று பிழைத்தவர்களின் பணிக்குழு ஒன்று சிகிச்சையும் சேவையும் எப்படி இருக்க வேண்டும் என்று தேசிய அளவில் ஓர் அறிக்கையே எழுதியது. நம் ஊரில் இன்னும் இவர்களை மேடைக்கு மட்டும்தான் கூப்பிடுகிறோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். ஆகவே நிகழ்ச்சிக்கு முன் அந்தப் பெண்ணிடம், "இப்போது எப்படி இருக்கிறாய்? அந்த எண்ணம் சமீபத்தில் வந்ததா?" என்று சுற்றிவளைக்காமல் கேட்கலாம், கேட்க வேண்டும். அடுத்தது, முன்பு ஒருமுறை முயன்றிருப்பது பிற்கால ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் முக்கியமானது. அதே சமயம், முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே மனதில் வைத்திருங்கள். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் போல நடத்துவீர்கள். அது அவருக்கு அவமானம். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, இப்ப நல்லா இருக்கா" என்று விட்டுவிடுவீர்கள்.

மாணவர்கள் பக்கத்துக்கான பதிலும் ஓரளவு தெளிவானதுதான். ஆஸ்திரியாவில் செய்தித்தாள்களை வைத்து நடந்து, 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நெருக்கடியில் தற்கொலை எண்ணம் வந்தும் வேறு வழி கண்டு மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைவாக இருந்ததைக் காட்டியது. பாப்பகேனோ விளைவு என்பார்கள். மீண்ட கதை காக்கும். ஆனால் எப்படி, எங்கே, எதைக் கொண்டு என்ற விவரம் ஆபத்து. முறையைச் சொல்லக் கூடாது, இடத்தைச் சொல்லக் கூடாது, கடிதம் எழுதியிருந்தால் அதை வாசிக்கக் கூடாது. "மார்க் குறைந்ததால்" என்று ஒற்றைக் காரணத்தில் கட்டி முடிக்கவும் கூடாது. சொற்களிலும் கவனம் வேண்டும்: முயற்சி "தோற்றது" என்று சொன்னால், பிழைத்ததே தோல்வி என்றாகிவிடும். "பிழைத்துக்கொண்டேன்" போதும்.

இனிச் சந்தேகத்துக்குரியவை. தன் கதையை மேடையில் சொல்வது சொல்பவருக்கு நல்லதா கெட்டதா? இதில் கேட்பவர்களைப் பற்றி நடந்த அளவுக்கு ஆய்வு நடக்கவில்லை. என் அனுபவத்தில், பாரம் இறங்கியது என்றவர்களும் உண்டு, ஒரு வாரம் தூக்கமில்லை என்றவர்களும் உண்டு. ஒரே ஆள் இரண்டு தடவையில் இரண்டையும் சொன்னதும் உண்டு. அதேபோல, முயற்சிக்குப் பின் எத்தனை காலம் கழித்துப் பேசலாம் என்பது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று சில அமைப்புகள் வைத்திருக்கின்றன. அது அனுபவத்தில் வந்த கணக்கு. அளந்து கண்டுபிடித்த எல்லை அல்ல. நானும் ஒரு வருடத்துக்குள் யாரையும் மேடையேற்றுவதில்லை. ஆனால் மாதங்களை எண்ணுவதைவிட, தன் கதையைத் தானே நடத்திச் செல்கிறாரா, கதை அவரை இழுத்துக்கொண்டு போகிறதா என்று பார்ப்பதையே நம்புகிறேன். தனியறையில் ஒருமுறை பேசச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா? "இந்த இடம் வேண்டாம்" என்று தானாகவே தாண்டிப் போக முடிகிறதா? இது தேர்வு அல்ல என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். மகனை இழந்த ஓர் அம்மாவை ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்கு நான்தான் அழைத்துப் போனேன். இதை எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம் பேசினார். கையில் நான்காக மடித்த கைக்குட்டை. பேசி முடிக்கும்வரை அதைப் பிரிக்கவே இல்லை. கைதட்டல், பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட நினைவுப் பரிசு. அப்புறம், திட்டத்திலேயே இல்லாமல், தொகுத்து வழங்கிய மாணவர் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அவன் மேல் குற்றமே இல்லை, முகத்தில் அத்தனை அக்கறை. "உங்களுக்கு முன்னாடியே எதுவும் தெரியலையாம்மா?" என்று கேட்டான். அந்த அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து போய் மைக்கை வாங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். சாயங்காலம் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. "பேசுறப்ப நல்லாத்தான் இருந்துச்சு மேடம். இப்ப இந்தப் பரிசை எங்க வைக்கிறதுன்னு தெரியல." மகன் படத்துக்குப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளவும் முடியவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று நான் கற்றுக்கொண்டது, ஆபத்து மேடையில் அதிகம் இல்லை என்பதுதான். மேடையில் வெளிச்சம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், சொல்ல ஒரு வேலை இருக்கிறது. அது முடிந்த பிறகு வரும் பேருந்துப் பயணமும் அன்றைய ராத்திரியும் அடுத்த மூன்று நாளும்தான் கனமானவை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பேச வந்தவரை யாராவது ஒருவர் வீடு வரை கொண்டுபோய் விடாமல் நான் எந்த நிகழ்ச்சிக்கும் ஒப்புக்கொள்வதில்லை. அன்று இரவே ஒரு போன், மூன்றாம் நாள் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. யார் பேசுவது என்பதையும் முன்பே அவரோடு சேர்ந்து முடிவுசெய்து கொள்கிறேன். "எப்ப வேணா கூப்பிடு" என்று சொல்வது மட்டும் போதாது. கூப்பிட முடியாத நிலையில் இருப்பவர் கூப்பிட மாட்டார். நாம்தான் கூப்பிட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சம்மதித்துவிட்டார் என்கிறீர்கள். யார் கேட்டு? நீங்கள் கேட்டிருந்தால், அவருக்கு நீங்கள் பாடம் எடுத்த ஆசிரியர். ஒருவேளை மருத்துவமனைக்கு வந்து பார்த்தவரும் நீங்களாகவே இருக்கலாம். "சார் கேட்டு எப்படி மாட்டேன்னு சொல்றது" என்ற நன்றிக்கடனுக்கும் சம்மதத்துக்கும் நம் ஊரில் நூலிழை வித்தியாசம்தான். உங்களுக்கு எந்த விதத்திலும் கடன்படாத ஒருவரை, ஓர் ஆலோசகரையோ வேறு துறைப் பேராசிரியையோ, இன்னொரு முறை பேசச் சொல்லுங்கள். "வரலைன்னா சார் ஒண்ணும் நினைக்க மாட்டார், அவரே இதைச் சொல்லச் சொன்னார்" என்று அவர் வாயால் சொல்லட்டும். அதன் பிறகும் வருகிறேன் என்றால் அதுதான் சம்மதம். அதைக்கூட நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒரு முறையும், அன்று காலை ஒரு முறையும் புதிதாகக் கேளுங்கள்.

அவர் கதை அவருடையது மட்டும் அல்ல என்பதும் நம் குடும்பங்களில் பெரிய விஷயம். கதையில் அப்பா வருவார், அண்ணன் வருவார். வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரையே நாளை பெண் பார்க்க வரலாம். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். யார் யாருக்கு ஏற்கெனவே தெரியும், இனித் தெரிந்தால் யாரால் சிக்கல் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயது வந்தவர், முடிவு அவருடையது. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் இதை வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது. அதனால் வீடியோ வேண்டாம். கல்லூரியின் யூடியூப் சேனலுக்கும் வேண்டாம், துறையின் ஆவணத்துக்கும் வேண்டாம். இருபத்து நான்கு வயதில் கொடுத்த சம்மதத்தை முப்பது வயதில் திரும்பப் பெற நினைத்தால், அரங்கில் பேசியதைக் காற்று கொண்டுபோயிருக்கும். வீடியோ அப்படியே இருக்கும். செல்போன்களை வாசலில் வாங்கி வைத்துவிடுங்கள். உள்ளூர் நிருபர் வந்தால் படமும் பெயரும் இல்லாமல் போடச் சொல்லுங்கள், அல்லது அந்த உரைக்கு மட்டும் அழைக்காதீர்கள்.

போலீஸ் பயம் பலருக்கு இருக்கிறது, அவருக்கும் இருக்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கவோ கடமை செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் புதிய சட்டத்தின் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. உங்கள் மாணவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை அவரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் மூச்சு விடுவார்.

மேடையில் எது வரும், எது வராது என்பதை அவரே எழுதட்டும். நான் பயிற்சியில் ஒன்று கேட்பேன்: "இது யாருக்கும் கிடையாது, என்னுடையது மட்டும் என்று எதை வைத்துக்கொள்கிறாய்?" எல்லாவற்றையும் கொட்டினால்தான் உண்மையாக இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டதும் தோள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். அறிமுக வாசகத்தையும் அவரே எழுத வேண்டும். "மரணத்தை வென்ற வீரமங்கை" என்று எந்தத் தொகுப்பாளரும் ஆரம்பிக்கக் கூடாது. அப்படி ஆரம்பித்துவிட்டால், அடுத்த மாதம் அவருக்கு மனது சரியில்லாமல் போனால் அதை யாரிடம் சொல்வார்? வென்றவர் என்று கைதட்டிய ஊரில் திரும்பத் தடுமாறுவது இரட்டைச் சுமை. கேள்வி நேரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் சீட்டில் எழுதி வாங்கி, ஆலோசகர் ஒருவர் படித்துப் பார்த்துத் தேர்ந்து கேட்கட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பேசுகிறவர் கைக்கடிகாரத்தைத் தொட்டாலோ தண்ணீர் கேட்டாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். உங்கள் அரங்கில் இதை வீட்டில் பார்த்த பிள்ளைகள் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் அவர்கள் ஆலோசகரிடம் போக மாட்டார்கள், அந்தப் பெண்ணிடம்தான் போவார்கள். கழிப்பறை வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கும்..." என்பார்கள். அன்று இரவு இன்ஸ்டாகிராமில் செய்தி வரும். இருபது நிமிடம் பேச வந்தவர், யாரும் கேட்காமலே நாற்பது பேருக்கு ஆலோசகராகிவிடுவார். பதில் போடாவிட்டால் ஏதாவது நடந்துவிடுமோ என்று விடிய விடிய விழித்திருப்பார். அதனால் அவர் முழுப்பெயரோ எண்ணோ வெளியே போகக் கூடாது. பயிற்சி பெற்ற இருவர் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். அவரிடம் வருகிறவர்களை, "வா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அந்த அறை வரை அழைத்துப் போக மட்டும் அவரைப் பழக்குங்கள். அரங்கில் 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்), 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்) ஆகிய எண்களை எழுதி வையுங்கள். 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சென்னைத் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. நிகழ்ச்சிக்கு முன் நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள், எந்நேரம் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். இந்த எண்கள் அந்தப் பெண்ணுக்கும்தான்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அதே மேடையில் பேசும் மருத்துவருக்கு உறை கொடுப்பீர்கள். இவருக்குப் பொன்னாடை. ஒரு நாள் விடுப்பு எடுத்து, சொந்தச் செலவில் வந்து, தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார். பயணச் செலவும் சன்மானமும் மருத்துவருக்குக் கொடுப்பதில் குறையாமல் கொடுங்கள். பரிசு கொடுக்க நினைத்தால் என்ன வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது, முன்பு விட்டு வைத்ததைச் சொல்கிறேன். அவருடைய கதையை மட்டும்தான் கேட்கிறோம், கருத்தைக் கேட்பதில்லை. எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான். அந்த நாளில் உங்கள் கல்லூரிக்குள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். வருகைப்பதிவு குறைந்ததை யார், எந்தத் தொனியில், எத்தனை பேர் முன்னால் சொன்னார்கள். விடுதிக் காப்பாளர் கதவைத் தட்டினாரா. திரும்பி வந்தபோது வகுப்பில் எந்த இடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மாணவி இப்படி ஒரு முயற்சிக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பும் முதல் நாளை எப்படி நடத்த வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அவருக்குத் தெரியும். முதல்வர், விடுதிக் காப்பாளர், நீங்கள், நான்கு நாற்காலி, டீ. முந்நூறு பேர் இல்லாமல், கைதட்டல் இல்லாமல் ஒரு மணி நேரம் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் எதை மாற்றினீர்கள் என்று அவருக்கு எழுதித் தெரிவியுங்கள். கல்லூரிக்கு இதனால் கிடைப்பது மேடைப் பேச்சைவிட அதிகம், அவருக்கு ஆபத்தும் குறைவு. அவரிடம் இரண்டு வழியையும் வைத்து எது வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும். எதுவும் வேண்டாம் என்றால் அதுவும் சரி.

நேராகக் கேட்டபோது, "ஆமாம், இப்போதும் வருகிறது" என்று அவர் சொன்னால்? பயப்படாதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், நிகழ்ச்சியை அந்த நிமிடமே ஓரம் வையுங்கள், தனியாக விடாமல் அவருக்குப் பழக்கமான மருத்துவரிடமோ மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ கூடவே போங்கள். மேடை போய்விட்டதே என்ற குற்ற உணர்வு அவருக்கு வரலாம். "மேடைக்காக உன்னைக் கூப்பிடவில்லை" என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான், அதைச் சொல்லும்போது அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் ஒரு வேண்டுகோள். அவர் பெயரைப் போடாதீர்கள். "முன்னாள் மாணவி அனுபவப் பகிர்வு" என்றும் போடாதீர்கள். பதினொரு மணிக்கு "உரை" என்று மட்டும் இருக்கட்டும். அந்த இருபது நிமிடத்துக்கு நீங்கள் ஒரு பேச்சைத் தயாராக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். அன்று காலை பத்தே முக்காலுக்கு அவர் வாசல் வரை வந்து, "சார், இன்னைக்கு முடியல" என்றால், "சரிம்மா, உள்ளே வந்து டீ குடி" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்ப் பேசலாம். அரங்கில் ஒருவருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.